அம்மா கை உதவி இல்லாம அக்கா வீடு: அல்சூர்ல ஒரு கேஸ்

இந்தக் கேஸ் யாரோடதுன்னு தெரியக்கூடாதுன்னு பேரு, தெரு, வேலை செஞ்ச இடம், சில சின்ன அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். அக்கான்னே எழுதறேன். எழுதினதை அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டி, ரெண்டு இடத்துல அவங்க மாத்தச் சொன்னதை மாத்தி, சரி போடுன்னு அவங்க சொன்ன பிறகுதான் இது வெளிய வருது. நான் பெங்களூர்ல வீடு வீடா போய் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை செய்யற ஒரு சின்ன டீம்ல இருக்கேன், எங்க டீம்ல ஒரு தெரபிஸ்ட், நாங்க ரெண்டு மூணு ஃபீல்டு ஒர்க்கர், அவ்ளோதான். இதே நிலைமைல இருக்கற தமிழ்க் குடும்பங்கள் அல்சூர், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன்னு எவ்வளவோ இருக்கு, அவங்களுக்கு யூஸ் ஆகணும்னுதான் பணக்கணக்கு வரைக்கும் விவரமா எழுதறேன்.

அக்காவுக்கு வயசு 43. பிறந்ததுல இருந்தே செரிப்ரல் பால்ஸி, அதாவது மூளைல ஏற்பட்ட பாதிப்பால உடம்பு அசைவு சொன்னபடி கேக்காத நிலை, அதுல நாலு கை காலும் இறுக்கமா இருக்கற வகை. இடது கை கொஞ்சம் சொன்னபடி கேக்கும், வலது கை மடங்கியே இருக்கும். பேச்சு குழறும், புதுசா கேக்கறவங்களுக்கு முதல்ல பாதி புரியாது. புத்தில ஒரு குறையும் கிடையாது, பத்தாவது பிரைவேட்டா எழுதி பாஸ், கணக்குல கெட்டி, தமிழ் கன்னடம் ரெண்டும் படிப்பாங்க. சாயந்திரம் அக்கம்பக்கத்துப் பசங்க 13 பேருக்கு டியூஷன் எடுக்கறாங்க, தலைக்கு 500 ரூபாய். பெரியவங்களுக்குப் புரியாத அவங்க பேச்சு அந்தப் பசங்களுக்கு ஒரு வாரத்துல பழகிடுது, இதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

அப்பா ராணுவம் சம்பந்தப்பட்ட ஒரு ஆபீஸ்ல சிவிலியன் வேலை பார்த்தவர், இறந்து பல வருஷம் ஆச்சு. அவர் ரிட்டயர்மெண்ட் பணத்துல வாங்கினதுதான் அல்சூர்ல இந்தச் சின்ன வீடு, தரைத்தளம், ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. அம்மாவுக்கு 71. தம்பி கல்யாணம் ஆகி ஓசூர்ல இருக்கார், ரெண்டு பிள்ளைங்க.

நாங்க நடத்தின ஒரு அட்டை கேம்ப்புக்கு அம்மா வந்தாங்க. யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிய வந்தவங்க, எழுதி முடிச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒரு நல்ல ஹோம் இருந்தா சொல்லு கண்ணு, என் முட்டி போச்சு, இவளைத் தூக்க முடியல, நான் கண்ணை மூடறதுக்குள்ள இவளை ஒரு இடத்துல சேர்த்துட்டா நிம்மதி"ன்னாங்க. தம்பியும் தமிழ்நாட்டுல ஒரு ஹோம் விசாரிச்சு வச்சிருந்தார். ரெண்டு பேரும் அக்கா மேல பாசமா இருக்கறவங்கதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அக்காகிட்ட கேட்டப்போ அவங்க சொன்ன ஒரே விஷயம், "அங்க போனா என் பசங்க? மார்ச்சுல பரீட்சை இருக்கு"ன்னு. தன் வேலையை விட்டுட்டு எங்கயோ ஒரு கட்டில்ல போய் உக்காரச் சொல்றாங்கன்னு அவங்களுக்குத் தோணிருக்கு, அது வாஸ்தவமும்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 5வது பிரிவு இதைத்தான் சொல்லுது, மத்தவங்க மாதிரி சமூகத்துல வாழ உரிமை இருக்கு, குறிப்பிட்ட ஒரு இடத்துலதான் இருக்கணும்னு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்கே வந்து செய்யற உதவி கிடைக்கணும்னு. இந்தியா 2007ல ஏத்துக்கிட்ட ஐ.நா. ஒப்பந்தத்தோட 19வது பிரிவும் அதேதான். அதனால எங்க கேஸ் ஃபைல்ல குறிக்கோள்னு எழுதினது ஒரே வரி: அம்மா கை உதவி இல்லாமலே அக்கா இந்த வீட்டுல வாழணும்.

தெம்பு எதுக்குச் செலவாகுது

முதல் வேலையா அக்காவோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு நேரம் போட்டு எழுதினோம். காலைல எழுந்து பாத்ரூம், பல் விளக்க, குளிக்க, துணி மாத்த, சாப்பிடன்னு 5 மணிக்கு ஆரம்பிச்சா 10 மணி வரைக்கும் அம்மாவுக்கு அதே வேலை. எங்க துறைல வழக்கமா இந்த இடத்துல என்ன செய்வோம்னா தானே துணி போட, தானே குளிக்கப் பழக்குவோம், எவ்வளவு தானே செய்யறாங்களோ அவ்வளவு முன்னேற்றம்னு மார்க் போடுவோம். அக்காவால நைட்டி, சுடிதார் டாப் எல்லாம் தானே போட்டுக்க முடியும், முடியாதுன்னு இல்ல. முக்கா மணி நேரத்துக்கு மேல ஆகும், முடிச்சப்புறம் உடம்பு முழுக்க இறுக்கம் ஏறி தோள்பட்டை வலிக்கும். செரிப்ரல் பால்ஸி இருக்கறவங்களுக்கு முப்பது நாப்பது வயசுக்கு மேல அலுப்பும் மூட்டு வலியும் மத்தவங்களை விட சீக்கிரமே வரும், சின்ன வயசுல நடந்தவங்க கூட நடையை விட்டுடுவாங்க, இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல, எல்லாரும் அதைக் குழந்தைங்க வியாதின்னே நினைச்சுட்டு இருக்காங்க.

அக்கா தெளிவா சொன்னாங்க. "துணி போடறதுக்கு என் தெம்பைக் கொடுத்தா சாயந்திரம் பேச குரல் வராது. துணியை வேற யாராவது போட்டு விடட்டும், நான் பாடம் எடுக்கறேன்." அதுக்கப்புறம் மொத்த பிளானும் இந்த ஒரு கணக்குல போச்சு. குளியல், துணி, வீல்சேர்ல இருந்து கட்டிலுக்கு மாறறது எல்லாம் ஆள் வச்சு. சாப்பாடு தன் கையால, தட்டு நகராம ரப்பர் மேட் போட்டு, பிடி தடிமனான ஸ்பூன் வச்சு. போன், பணம், கதவு திறக்கறது, என்ன சமைக்கணும்னு சொல்றது, டீ போடறது, டியூஷன் எல்லாம் அவங்களோடது.

இது ஒண்ணும் புது யோசனை கிடையாது. அமெரிக்கால எட் ராபர்ட்ஸ்னு ஒருத்தர், போலியோவால கழுத்துக்குக் கீழ அசையாது, ராத்திரில மூச்சு விட இரும்பு நுரையீரல்னு ஒரு பெரிய மெஷினுக்குள்ள படுக்கணும், அவரும் கூட்டாளிங்களும் சேர்ந்து 1972ல பெர்க்லில சுயவாழ்வு மையம்னு ஆரம்பிச்சாங்க, நடத்தறதும் மாற்றுத்திறனாளிங்களேதான். அவரால ஒரு டம்ளர் தண்ணி கூட எடுத்துக் குடிக்க முடியாது, ஆனா யார் வரணும், எப்போ வரணும், என்ன செய்யணும்னு அவரே ஆள் வச்சு சொல்லி செய்ய வச்சுக்கிட்டார். இவரால வேலை செய்யவே முடியாதுன்னு முன்னாடி கைவிரிச்ச அதே கலிஃபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கு 1975ல அவரையே டைரக்டரா போட்டாங்க. நம்ம பெங்களூரும் இதுல பின்தங்கின ஊர் இல்ல, போலியோ பாதிச்ச என்.எஸ். ஹேமா 1959லயே இங்க மாற்றுத்திறனாளிகளுக்கான ஏபிடி அமைப்பை ஆரம்பிச்சிருக்காங்க. அதனால வெளிநாட்டுக்குத்தான் இதெல்லாம் சரிப்படும்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்.

வீடு

வாசப்படி 7 இஞ்ச். வீல்சேர் சரிவுக்கு 1க்கு 12ங்கறது கணக்கு, அதாவது ஒரு இஞ்ச் உயரத்துக்கு 12 இஞ்ச் நீளம், அப்போ 7 அடி சரிவு வேணும், அந்த சந்துல 7 அடி சரிவு போட்டா எதிர் வீட்டுக்காரங்க கதவு திறக்க முடியாது. ரொம்ப நேரம் டேப் வச்சு அளந்துட்டே இருந்தோம். அப்புறம் தெரபிஸ்ட்தான் பின்னாடி சமையல்கட்டுக் கதவைப் பார்த்தாங்க, அங்க படி 2 இஞ்ச்தான், பக்கவாட்டுல மூணரை அடி நடை இருக்கு. 2 அடி சிமெண்ட் சரிவு, முடிஞ்சது. ஆனா அந்த நடைல பக்கத்து வீட்டு வண்டி ரெண்டு நிக்கும். நாங்க போய்ப் பேசறோம்னோம், அக்கா வேணாம், நானே பேசறேன்னு அவங்க பையன்கிட்ட மெசேஜ் போட்டு, அப்புறம் நேர்ல பேசி, இப்போ வண்டி எதிர்ப்பக்கம் நிக்குது. பிளான்ல இல்லாத விஷயம் இது, எங்களை விட அக்காதான் அந்த சந்துல முப்பது வருஷமா இருக்கறவங்க.

பாத்ரூம் கதவு 24 இஞ்ச், வீல்சேர் அதை விட அகலம். கதவையும் நிலையையும் கழட்டிட்டு திரை போட்டோம். அம்மாவுக்கு அது பெரிய சங்கடம், வீட்டுக்கு யாராவது வந்தா என்ன நினைப்பாங்கன்னு, கடைசில கனமான துணில ரெட்டைத் திரையா தைச்சுப் போட்டாங்க. இந்தியன் டாய்லெட்டை எடுத்துட்டு வீல்சேர் சீட் உயரத்துக்கே வெஸ்டர்ன் வச்சு, கைப்பிடிக் கம்பி இடது பக்கம், ஏன்னா அக்காவுக்குப் பிடி இடது கைலதான். பிளம்பர் எல்லார் வீட்டுலயும் வலது பக்கம்தான் வைப்பார், பக்கத்துல நின்னு சொல்லலைன்னா அங்கதான் வரும். ஸ்விட்ச் போர்டு ரெண்டை கீழ இறக்கினோம்.

வீல்சேர் பத்தி தனியா சொல்லணும். யாரோ தானமா கொடுத்த ஆஸ்பத்திரி வீல்சேர்லதான் அக்கா பத்து வருஷத்துக்கு மேல உக்காந்திருக்காங்க, சீட் 18 இஞ்ச், அவங்க இடுப்பு 14 இஞ்ச். ரெண்டு பக்கமும் இடம் இருந்தா உடம்பு ஒரு பக்கமா சரியும், சரிஞ்சே உக்காந்தா முதுகெலும்பு வளையும், மூச்சும் குரலும் குறையும். அளவெடுத்து 14 இஞ்ச் சேர், நல்ல குஷன், காலை தரைல உந்தித் தள்ளற மாதிரி சீட் உயரம் கம்மி. அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள அக்கா யார் தள்ளணும்னும் காத்திருக்கறதில்ல, இடது காலால உந்தியே சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் போறாங்க. மொத்த வேலைலயும் பலன் அதிகம் கொடுத்தது எதுன்னு கேட்டா நான் இந்த சேரைத்தான் சொல்வேன்.

தண்ணி, குப்பை, சமையல் கேஸ்

புஸ்தகத்துல போட்டிருக்கற சுயவாழ்வு லிஸ்ட் எதுலயும் காவேரித் தண்ணி, அதாவது இங்க குழாய்ல வர்ற தண்ணி, பத்தி இருக்காது. எங்க ஏரியால ஒருநாள் விட்டு ஒருநாள், விடியக்காலைல வரும், வந்தா எழுந்து பைப்பைத் திறந்து டிரம்முல பிடிக்கணும், ரொம்பினா மூடணும். அம்மா இல்லைன்னா இதை யார் செய்வாங்க? இதுக்கு ஒரு வழி இல்லாம மத்ததெல்லாம் எவ்வளவு அழகா பண்ணினாலும் ரெண்டே நாள்ல கவுந்துடும். வீட்டுக்கு சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, கிடையாது, மாடித் தொட்டிக்கு ஏற அழுத்தமும் கிடையாது. நடைலயே தரைல ஒரு தொட்டி வச்சு, மிதக்கற பந்து வச்ச வால்வு போட்டோம், தண்ணி வந்தா தானா ரொம்பும், ரொம்பினா தானா நிக்கும். அங்கேர்ந்து ஒரு சின்ன மோட்டார், ஸ்விட்ச் அக்கா கை எட்டற இடத்துல. அந்த வால்வு மொத்த பட்ஜெட்ல ஒரு ஓரத்துல போயிடற செலவு, ஆனா அது இல்லாம இந்தக் கேஸே இல்ல.

கேஸ் சிலிண்டர் மாத்தறது அக்காவால ஆகாது, தீயும் ஆபத்து, கை திடீர்னு உதறும். இண்டக்ஷன் அடுப்பு, தாழ்வா ஒரு மேசை, அடிதட்டையான பாத்திரம், எலக்ட்ரிக் குக்கர். அம்மா தோசை வராதுன்னு ரொம்ப நாள் ஒத்துக்கல. கரண்டு பில் கவலையும் இருந்துச்சு, கர்நாடகால க்ருஹ ஜோதி திட்டத்துல 200 யூனிட் வரைக்கும் இலவசம்னாலும் பழைய சராசரியை வச்சுத்தான் வீட்டுக்கு வீடு வரம்பு போடறாங்க, அதைத் தாண்டினா கட்டணும், அதனால அம்மா சமைக்கறப்பவே இண்டக்ஷனுக்கு மாறிடச் சொன்னோம். குப்பை ஆட்டோ காலைல வரும், ஈரக்குப்பை தனி, உலர்குப்பை தனி, கேர்டேக்கர் வர்ற நேரத்தை அதுக்கு ஏத்த மாதிரி வச்சோம்.

யாருக்கு யார் சம்பளம்

ஏஜென்சில கேட்டா முழுநேர ஆளுக்கு மாசம் இருபதாயிரத்துக்கு மேல, வர்றவங்களுக்கு தமிழும் தெரியாது கன்னடமும் தெரியாது, அக்கா பேச்சே குழறல், மொழியும் தெரியலைன்னா என்ன ஆகும். முழுநேரம் ஆள் வேணுமான்னு யோசிச்சா வேணாம், காலைல ரெண்டரை மணி நேரம், ராத்திரி படுக்க வைக்க ஒரு மணி நேரம். அடுத்த சந்துல வீட்டு வேலை செய்யற ஒரு அம்மா, ஆஸ்பத்திரில ஆயாவா இருந்த அனுபவமும் உண்டு, அவங்க மாசம் 9,000 ரூபாய்க்கு வந்தாங்க.

வேலைப் பேச்சு முழுக்க அக்காவோடதான். லீவு எத்தனை, சொல்லாம வராம இருந்தா என்ன, என்னென்ன வேலை, எந்த வேலை அவங்களோடது இல்ல, எல்லாம் ஒரு பேப்பர்ல அக்கா டைப் பண்ணி ரெண்டு பேரும் வச்சுக்கிட்டாங்க. சம்பளம் அக்கா போன்ல இருந்து போகுது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். முதல் மாசம் அம்மா கைல இருந்து காசு போச்சு, அப்போ அந்தம்மா அக்கா எதிர்லயே உக்காந்துக்கிட்டு, "பாப்பாவுக்கு இன்னிக்கு என்ன டிபன்?"னு அம்மாவைப் பார்த்துக் கேட்பாங்க, 43 வயசுக்காரங்களை. காசு அக்காகிட்ட இருந்து போக ஆரம்பிச்சதும் கேள்வியும் அக்காகிட்ட வந்துச்சு. பாப்பா போய் அக்கா ஆச்சு.

தூக்கறதுக்கு தெரபிஸ்ட் பயிற்சி கொடுத்தாங்க, அதுல சிலது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, தோள்மூட்டு போயிடும். இறுக்கமா இருக்கற காலை வேகமா மடக்கினா இன்னும் இறுகும், இடுப்பையும் முட்டியையும் மெதுவா மடக்கிப் பிடிச்சுக்கிட்டு இறுக்கம் விடற வரைக்கும் காத்திருந்தா தானா விடும். ராத்திரி படுக்க வைக்கறப்போ உக்கார்ற எலும்பு, குதிகால் ரெண்டு இடத்துலயும் சிவப்பு இருக்கான்னு பார்க்கணும், அமுக்கினா வெளுக்காத சிவப்பு இருந்தா அது படுக்கைப்புண் ஆரம்பம், அடுத்த நாளே சொல்லணும்.

ஒத்திகை

அம்மா நல்லா இருக்கறப்பவே அம்மா இல்லாம இருந்து பார்க்கணும்னு நாங்க பிடிவாதமா நின்னோம். பெரும்பாலான குடும்பத்துல அம்மா இறந்த அன்னிக்குத்தான் இந்தச் சோதனை நடக்குது, துக்க வீட்டுல சொந்தக்காரங்க கூடி ஒரு மணி நேரத்துல ஒருத்தரோட மிச்ச வாழ்க்கையை முடிவு பண்ணிடறாங்க. அப்படி முடிவான பிறகு எங்ககிட்ட வர்ற கேஸ்ல எங்களால செய்ய முடிஞ்சது ரொம்பக் கம்மி.

முதல்ல மத்தியானம் மட்டும் அம்மா வெளிய போனாங்க. அப்புறம் ஒரு ராத்திரி ஓசூர். அந்த ராத்திரிதான் நிறைய கத்துக் கொடுத்துச்சு. மூணு மணிக்கு ஒண்ணுக்கு வந்துருக்கு, யாரும் இல்ல, அக்கா விடியற வரைக்கும் அடக்கியே இருந்தாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா பயத்துல தண்ணியே சரியா குடிக்கலைன்னும் அப்புறம்தான் தெரிஞ்சுது. இது ரொம்ப ஆபத்து, தண்ணி குறைச்சா மூத்திரக் கிருமி வரும், மலச்சிக்கல் வரும், இறுக்கமும் கூடும். வெளிய போறப்போ, ஆள் இல்லாதப்போ தண்ணி குடிக்காம இருக்கற மாற்றுத்திறனாளிப் பெண்கள் எத்தனை பேர்னு நினைச்சா மனசு கொதிக்குது. பகல்ல நல்லா குடிச்சு ராத்திரி ஏழு மணிக்கு மேல குறைச்சுக்கறது, ராத்திரிக்கு டயப்பர், கட்டில் பக்கத்துல கம்பி பிடிச்சு புரண்டு படுக்கப் பழகறதுன்னு ஏற்பாடு ஆச்சு. டயப்பர் வேணுமா வேணாமான்னு அக்கா நல்லா யோசிச்சுத்தான் முடிவு எடுத்தாங்க, அதை யாரும் அவங்க மேல திணிக்கல.

தம்பியோட கேள்வி வேற. "ராத்திரி கட்டில்ல இருந்து விழுந்தா யாரு தூக்குவாங்க? நான் ஓசூர்ல இருந்து வர ரெண்டு மணி நேரம் ஆகும்." நியாயமான கேள்வி, அதுக்கு உரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டி பதில் சொல்ல முடியாது. போன் எப்பவும் கழுத்துல கயிறு போட்டு, ஒரு பட்டன் அமுக்கினா மூணு வீட்டுக்குப் போற மாதிரி. மூணு வீட்டுலயும் ஒரு சாவி. அந்த மூணு வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு, அக்காவைத் தரைல படுக்க வச்சு, ரெண்டு பேர் போர்வைல எப்படித் தூக்கறதுன்னு செஞ்சு பார்க்க வச்சோம். தம்பியும் வந்திருந்தார். டியூஷன் பையன் ஒருத்தனோட அப்பா தூக்கினப்போ அக்கா அவருக்கே, "இடுப்புக்குக் கீழ கை கொடுங்க"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அன்னிக்கு சாயந்திரம் தம்பி என்கிட்ட, "இவ்வளவு பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்"னார். அதுக்கப்புறம் ஹோம் பத்தி பேச்சு எடுக்கல, மாசம் 3,000 ரூபாய் அக்கா அக்கவுண்டுக்கு அனுப்பறார்.

பேப்பர்

பேங்க்ல பெரிய இழுபறி. அக்கா கையெழுத்து ஒரு தடவை போட்ட மாதிரி இன்னொரு தடவை வராது, கைரேகையும் மெஷின்ல சரியா விழாது. அங்க இருந்தவங்க கார்டியன் பேப்பர் கொண்டு வாங்கன்னாங்க. இந்த இடத்துல நிறைய குடும்பம் தப்பான வழில போயிடுது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல ஆட்டிசம், செரிப்ரல் பால்ஸி, அறிவுத்திறன் குறைபாடு, பல வகை ஊனம் இந்த நாலுக்கும் 18 வயசுக்கு மேல சட்டபூர்வ கார்டியன் போட வழி இருக்கு, மாவட்ட கலெக்டர் தலைமைல இருக்கற கமிட்டி கொடுக்கும். தேவைப்படறவங்களுக்கு அது நல்ல விஷயம். ஆனா செரிப்ரல் பால்ஸின்னு சர்டிபிகேட்ல இருக்கறதாலயே கார்டியன் போட்டே ஆகணும்னு கிடையாது. அக்கா கேட்டாங்க, "நான் பசங்களுக்கு வட்டிக் கணக்கு சொல்லித் தரேன், என் வட்டியை தம்பி கையெழுத்துப் போட்டு வாங்கணுமா?" 2016 சட்டத்தோட 13வது பிரிவை எடுத்துட்டுப் போனோம், சொத்து வச்சுக்கவும் பணத்தை நிர்வகிக்கவும் மத்தவங்களுக்கு உள்ள அதே உரிமை மாற்றுத்திறனாளிக்கும் உண்டுன்னு அதுல நேரா இருக்கு. மேலதிகாரிக்கு எழுத்துல கொடுத்த பிறகு, சாட்சி வச்சு பெருவிரல் ரேகைல அக்கவுண்ட் ஓப்பன் ஆச்சு. கார்டும் யூபிஐயும் கொடுத்தாங்க.

அடுத்தது ஃபேமிலி பென்ஷன், மத்திய அரசு வேலை பார்த்த குடும்பம் யாராவது இதைப் படிச்சா இந்தப் பாராவை மட்டுமாவது அம்மா அப்பாகிட்ட காட்டுங்க. இறந்துபோன அரசு ஊழியரோட பிள்ளைக்கு சம்பாதிச்சுப் பிழைக்க முடியாத அளவு ஊனம் இருந்தா, பெத்தவங்க ரெண்டு பேருக்கும் அப்புறம் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ஃபேமிலி பென்ஷன் உண்டு. குறைஞ்சபட்சமே மாசம் 9,000 ரூபாய், அதுக்கு மேல டிஏ, அதாவது அகவிலைப்படி. பெத்தவங்க உயிரோட இருக்கறப்பவே பென்ஷன் ஆர்டர்ல பிள்ளை பேரைச் சேர்த்துடலாம், அப்படிச் சேர்த்துட்டா பின்னால அலைச்சல் பாதி குறையும். அக்காவுக்கு டியூஷன் வருமானம் இருக்கே, அதனால பென்ஷன் போயிடுமோன்னு அம்மாவுக்கு பயம், டியூஷனை நிறுத்தச் சொல்லிட்டாங்க கூட. 2021ல விதியைத் தளர்த்திட்டாங்க, மத்த வருமானம் கிடைக்கப் போற ஃபேமிலி பென்ஷனை விட கம்மியா இருந்தா தகுதி உண்டு. அக்காவுக்கு வர்றது 6,500, கணக்குப் பார்த்தா உள்ளதான் வருது. டியூஷன் நிக்கல. பேர் சேர்க்கற விண்ணப்பம் மெடிக்கல் சர்டிபிகேட்டோட போட்டாச்சு.

மாநில அரசோட ஊனமுற்றோர் பென்ஷன் அக்காவுக்கு இல்ல, அம்மாவோட ஃபேமிலி பென்ஷனைச் சேர்த்தா வருமான வரம்பு தாண்டிடுது. அம்மா வருமானத்தை அக்கா வருமானமா எண்ணறதுலயே எனக்கு உடன்பாடு கிடையாது, ஊனத்தால வர்ற செலவு அக்காவோடதுதானே.

அம்மா விழுந்தது

ஒத்திகை நல்லா போயிட்டு இருக்கறப்போ ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோயில்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. ஆபரேஷன் ஆகி தம்பி ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டார், அங்க மருமகள் பார்த்துக்கறாங்க. அன்னிலேர்ந்து அக்கா தனியாதான். ஒரு வருஷம் தாண்டிடுச்சு. பார்த்துக்கற ஆள் தேவைப்பட்டு வீட்டை விட்டுப் போனது அம்மா, வீட்டுல இருக்கறது அக்கா.

எல்லாம் சுமுகமா போச்சுன்னு சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு கேர்டேக்கர் ஊருக்குப் போய் சொன்ன நாளுக்கு வரல, டியூஷன் பசங்களோட ரெண்டு அம்மாங்க மாத்தி மாத்தி வந்து பார்த்தாங்க, குளியல் மட்டும் ஈரத்துணி துடைக்கறதோட நின்னுச்சு. குஷன் அமுங்கிப் போய் ஒரு தடவை சிவப்பு வந்துச்சு, கேர்டேக்கர் ராத்திரியே கண்டுபிடிச்சதால புண்ணாகல. சாப்பாட்டை ரொம்ப சுருக்கிட்டாங்கன்னு எடை குறைஞ்சதுல தெரிஞ்சுது. பணம்தான் காரணம். டியூஷன் 6,500, தம்பி 3,000, அம்மா தன் பென்ஷன்ல இருந்து 5,000, மொத்தம் 14,500, அதுல 9,000 கேர்டேக்கருக்குப் போனா மிச்சத்துல சாப்பாடு, டயப்பர், மருந்து எல்லாம். ரேஷன் கார்டுல குடும்பத் தலைவி இன்னும் அம்மாதான், குடும்பத் தலைவிக்கு மாநில அரசு மாசாமாசம் கொடுக்கற க்ருஹலக்ஷ்மி 2,000 அம்மாவுக்கு வருது, அக்காவுக்குத் தனிக் கார்டு விண்ணப்பம் நடந்துட்டு இருக்கு.

ஸ்வீடன்ல 1994லேர்ந்து சட்டமே இருக்கு, ரொம்ப உதவி தேவைப்படறவங்களுக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம்னு கணக்குப் போட்டு அரசாங்கம் பணம் கொடுக்கும், ஆளை அவங்களே வச்சுக்கலாம். நம்ம 5வது பிரிவுல தனிப்பட்ட உதவியாளர்னு எழுதி இருக்கு, ஆனா அந்த உதவியாளருக்கு மாசச் சம்பளம் எங்கேர்ந்து வரும்னு எழுதல. இந்தக் கேஸ்ல அந்த ஓட்டையை அடைக்கறது ஒரு கணக்கு டியூஷனும் ஒரு தம்பியும் ஒரு அம்மாவோட பென்ஷனும். இதுல எது ஒண்ணு நின்னாலும் மறுபடி ஹோம் பேச்சு வரும்.

வெளிய போறது இன்னும் சரியாகல. அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் 2011லேர்ந்து இருக்கு, லிஃப்ட் இருக்கு, உள்ள போயிட்டா வீல்சேருக்கு நல்ல வசதி, எம்ஜி ரோடு ரெண்டாவது ஸ்டேஷன். வீட்டுல இருந்து அந்த லிஃப்ட் வரைக்கும் போற ரோடுதான் பிரச்சனை, ஃபுட்பாத் கல்லு பேந்து கிடக்கு, ஏற சரிவு கிடையாது, இருந்த இடத்துல வண்டி நிக்குது, ரோட்டுலயே பஸ்ஸுக்குப் பக்கத்துல தள்ளிட்டுப் போகணும். பஸ்ல 2023 ஜூன்லேர்ந்து கர்நாடகப் பெண்களுக்கு இலவசம், அக்காவுக்கும்தான், ஆனா மூணு படி ஏறணும். 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ராஜீவ் ரதூரி வழக்குல, அணுகல் வசதி விதிகளை வெறும் வழிகாட்டியா வைக்கக் கூடாது, கட்டாயமாக்கணும்னு சொல்லிருக்கு. அந்தத் தீர்ப்பை இணைச்சு ஃபுட்பாத்துக்கு அக்கா பேர்லயே மனு போட்டிருக்கோம், வந்து அளந்துட்டுப் போயிருக்காங்க.

உயில் பாக்கி இருக்கு. வீடு அம்மா பேர்ல, அக்கா உயிரோட இருக்கற வரைக்கும் அங்க இருக்கற உரிமையை எழுதி பதிவு பண்ணணும்னு வக்கீல் சொல்லிருக்கார், தம்பி சம்மதிச்சுட்டார், அம்மா நடக்க ஆரம்பிச்சதும் சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போகணும்.

இப்போதைக்கு அவசரம் ரெண்டாவது கேர்டேக்கர். ஒரே ஆளை நம்பி இருக்கறது பொங்கலோட போதும்னு அக்கா முடிவு பண்ணிட்டாங்க, சனி ஞாயிறுக்கு இன்னொருத்தர். போன வாரம் ஒருத்தரை அனுப்பினோம், அக்காவே இண்டர்வியூ பண்ணினாங்க. முதல் கேள்வி, "நான் பேசறது புரியலைன்னா என்ன பண்ணுவீங்க?" அந்தம்மா கொஞ்சம் யோசிச்சுட்டு, "திரும்பக் கேப்பேன், அப்பவும் புரியலைன்னா போன்ல எழுதச் சொல்வேன்"னாங்க. அக்காவுக்குப் பிடிச்சுப் போச்சு. சம்பளம் இன்னும் படியல, அவங்க 3,500 கேக்கறாங்க, அக்கா 2,800ல நிக்கறாங்க.